சிவப்பு எரிந்தால் நலம்

மணி ஒன்று பத்து. நான்கு மணிக்கு லக்ஷ்மிநாராயணன் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிடுவார். அதற்குள் ஏதாவது கிடைக்காவிட்டால், சங்கரி என்கிற இருபத்தேழு வயதுப் பெண் திங்கட்கிழமை பெங்களூரில் புது வேலையில் சேர்வதற்குப் பதிலாக, திருடி என்ற பட்டத்தோடு கோர்ட்டு வாசலில் நிற்பாள்.

ஜெயப்பிரியாவுக்கு உட்காரப் பிடிக்கவில்லை. ஓடுகிற ஆம்னி வேனில் நிற்கவும் முடியாது. ஆகவே கைக்கடிகாரத்தைக் கழற்றுவதும் கட்டுவதுமாக வந்தாள். பதினோரு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் பொய் க்ளெய்ம்களைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தவள். அங்கேயும் அவள் நாற்காலியில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"மேடம், அந்த வாச்ச வுட்ருங்க. அது இன்னா பாவம் பண்ணிச்சு?" என்றார் பார்த்திபன்.

பார்த்திபன் கூடுவாஞ்சேரிக்காரர். வயது நாற்பத்தெட்டு. ஜெயப்பிரியாவுக்கு உதவியாளர், டிரைவர், சமயத்தில் தலைவலி. வேனும் அவருடையது, வாயும் அவருடையது. வேனுக்காவது அவ்வப்போது பெட்ரோல் தீர்ந்துபோகும்.

"இன்னொரு தபா சொல்லுங்க மேடம். அந்தப் பொண்ணு எதத் திருடிச்சின்றாரு அவரு?"

"பூட்லோடர்."

"அதான் மண்டைல ஏறல."

"காலைல வண்டியில சாவி போடறதுக்கு முன்னாடி என்ன பண்ணுவீங்க?"

"சாமி கும்புடுவேன்."

"அப்புறம்?"

"பெட்ரோல் கீதா, ப்ரேக் புடிக்குதா, லைட்டு எரியுதான்னு ஒரு ரவுண்டு பாப்பேன்."

"ஒரு எலக்ட்ரானிக் பெட்டிக்குள்ள அந்த ரவுண்டு பாக்கற சின்ன புரோகிராம்தான் பூட்லோடர். கரண்ட் வந்ததும் முதல்ல முழிச்சுக்கறது அது. மெமரி எவ்வளவு, ரேடியோ எங்கே, ப்ராசஸரோட எந்தக் கால்ல எந்த விளக்கு மாட்டியிருக்கு, எல்லாம் அதுக்குத்தான் தெரியும். பாத்து முடிச்சதும் மத்த புரோகிராமை எழுப்பி விட்டுட்டு ஒதுங்கிக்கும்."

"எங்க வூட்டம்மா மாதிரின்னு சொல்லுங்க. ஒதுங்கறது மட்டும் கெடயாது."

"ப்ராசஸர் மாறினா அதுக்கு எல்லாத்தையும் மறுபடி சொல்லிக்கொடுக்கணும். சங்கரி ஏழு மாசமா பண்ணது அந்த வேலைதான்."

விஷயம் இதுதான். நாவலூரில் லக்ஷ்மிநாராயணன் நடத்தும் சிறிய கம்பெனி, மீன்பிடி படகுகளுக்கு ஒரு பெட்டி தயாரிக்கிறது. ஆபத்து என்றால் பட்டனை அமுக்க வேண்டும். படகு இருக்கும் இடம் கரைக்குத் தெரிந்துவிடும். சுனாமிக்கு அப்புறம் மூன்று வருடமாக அந்தப் பெட்டிதான் அவருக்கு மூச்சு. போன வருடம் பழைய ப்ராசஸரின் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். புது ப்ராசஸர், புது போர்டு என்று எல்லாம் மாறியது. நெட்டில் இலவசமாகக் கிடைக்கும் பூட்லோடர் ஒன்றை எடுத்து, பழைய போர்டுக்கான ஃபோல்டரை அப்படியே காப்பி அடித்து, பெயரை மாற்றி, வரி வரியாகத் திருத்தி, புது போர்டை உயிரோடு எழுப்பினாள் சங்கரி. ஒற்றை ஆள்.

போன வாரம் சென்னையில் ஒரு கண்காட்சி. போட்டிக் கம்பெனிக்காரர்கள் அதே போல ஒரு பெட்டியை வைத்திருந்தார்கள். அதைக் கம்ப்யூட்டரில் இணைத்ததும் திரையில் முதல் வரியாக 'கேவி-2' என்று வந்தது. அது லக்ஷ்மிநாராயணனின் போர்டுக்கு அவரே வைத்த பெயர். பெயரைக்கூட மாற்றாமல் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மனிதர் அங்கேயே வியர்த்துப்போனார். அலுவலகம் திரும்பினால் மேஜையில் சங்கரியின் ராஜினாமா கடிதம் காத்திருந்தது.

அப்புறம் அவருக்கு யோசிக்க வேறு எதுவும் இருக்கவில்லை. அவள் எழுதிய புரோகிராம் வரிகள், அவர்கள் பாஷையில் கோடு, இருக்கும் சர்வரின் பாஸ்வேர்டு சங்கரிக்கு மட்டும்தான் தெரியும். அவளுடைய ரிலீவிங் லெட்டர் டைப் ஆகி, கையெழுத்தில்லாமல் அவர் மேஜையில் கிடக்கிறது. அந்தக் காகிதம் இல்லாமல் எந்தக் கம்பெனியும் அவளை உள்ளே விடாது. ஜெயப்பிரியாவை அவர் கூப்பிட்டது யார் திருடினார்கள் என்று கண்டுபிடிக்க அல்ல, சங்கரிதான் என்று எழுதி வாங்க.

"காலைல பாத்தீங்கல்ல, அந்தப் பொண்ண. 'நான் குடுக்கல, நான் குடுக்கல'ன்னு அதையே சொல்லிக்கினு இருந்துது. எனக்கென்னமோ நம்பலாம்னு தோணுது," என்றார் பார்த்திபன்.

"எனக்கும்தான். ஆனா ஆரம்பத்துல போர்டெல்லாம் எப்படி இருந்ததுன்னு கேட்டதும் தலையைக் குனிஞ்சுக்கிட்டா. அவ பொய் சொல்லலை, எதையோ மறைக்கறா."

கையில் இருந்த துப்பு ஒன்றே ஒன்றுதான். போட்டிக் கம்பெனிக்காரர்கள் கோவளத்தில் பதினோரு படகுகளுக்குத் தங்கள் பெட்டியைச் சோதனைக்குக் கொடுத்திருக்கிறார்கள். கம்பெனி கதவைத் திறக்க மாட்டார்கள். படகுக்குக் கதவே கிடையாது. வேன் ஈசிஆரிலிருந்து இடது பக்கம் திரும்பி, மசூதியைத் தாண்டி, மாதா கோயிலைத் தாண்டி மணலில் போய் நின்றது.

கரையில் ஏற்றி வைத்திருந்த ஒரு ஃபைபர் படகில் கன்னியப்பன் இன்ஜினைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்காரர். கிரீஸ் முழங்கை வரை ஏறியிருந்தது. அவர் தலைக்குப் பின்னால், ஒரு மரச் சட்டத்தில், ரொட்டிப் பாக்கெட் அளவுக்கு வெள்ளைப் பெட்டி ஒன்று திருகியிருந்தது.

"அண்ணே, அந்தப் பெட்டியைக் கொஞ்சம் போட்டுக் காட்டறீங்களா?" என்றாள் ஜெயப்பிரியா.

"நீ அந்தக் கம்பெனியா?"

"இல்லை. சும்மா பாக்க வந்தோம்."

"சும்மா பாக்கறதுக்குத்தான் இங்க டூரிஸ்ட்டுங்க வருவாங்க," என்றவர், அவள் நிற்க முடியாமல் காலை மாற்றி மாற்றி வைப்பதைப் பார்த்துவிட்டு என்ன நினைத்தாரோ, கையைத் துடைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டார். பெட்டி இரண்டு முறை கீச்சென்றது. பத்து விநாடி கழித்து முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது.

ஜெயப்பிரியாவுக்குச் சப்பென்று போயிற்று. "ரிப்பேரா?"

"இன்னாத்துக்கு ரிப்பேரு? அதான் சேப்பு எரியுதே. நல்லாகீது."

"சிவப்பு எரிஞ்சா நல்லதா?"

"இந்தப் பொட்டிக்கு அப்டித்தான். பச்ச எரிஞ்சா செத்துப்போச்சின்னு அர்த்தம்."

பார்த்திபன் குறுக்கே வந்தார். "இன்னா அண்ணாத்த, ஊரெல்லாம் பச்ச எரிஞ்சாத்தான போலாம். சிக்னல்ல பாத்ததில்லயா நீ?"

"சிக்னலு திருவான்மியூர்ல கீது நைனா. எனக்கு இன்னாத்துக்கு அது?"

பெட்டியின் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. 'பச்சை: நலம். சிவப்பு: பழுது.' ஜெயப்பிரியா அதை விரலால் காட்டினாள்.

"அது ஒட்னவன் எழுதினது. நாங்க பாத்துக் கத்துக்கினது இது," என்றார் கன்னியப்பன். பெட்டியின் பின்னால் இருந்த ஏரியல் ஒயரைப் பிடுங்கினார். சுவிட்சை அணைத்துப் போட்டார். பத்து விநாடி. பச்சை எரிந்தது. ஒயரை மாட்டி மறுபடி அணைத்துப் போட்டார். சிவப்பு.

ஜெயப்பிரியா படகில் ஏறிவிட்டாள். புடவையில் கிரீஸ் பட்டதைக் கவனிக்கவில்லை. அதே காரியத்தை அவளே மூன்று முறை செய்து பார்த்தாள். மூன்று முறையும் பெட்டி கெட்டிருந்தால் பச்சை, நன்றாக இருந்தால் சிவப்பு.

"இந்த ஒரு பெட்டிதானா?"

"பதினொண்ணும். மொதல்ல எங்களுக்கும் ஒரே பேஜாருதான். மூணு நாளு சேப்பு எரியுது, பொட்டி கெட்டுப்போச்சின்னு கடலுக்கே போவல. அப்பறம் ஒருத்தன் பட்டன அமுக்கிப் பாத்தான். கரையில மணி அடிச்சுது. சர்தான், இது குறுக்குபுத்தி புடிச்ச பொட்டின்னு வுட்டுட்டோம்."

"ஃபிட்டர் ஒயர மாத்திக் குடுத்துட்டான் மேடம்," என்றார் பார்த்திபன். "எங்க வண்டில இண்டிகேட்டர் போட்டவனும் அப்டித்தான் பண்ணான். நான் லெஃப்ட்ல திரும்பினா ரைட்டுல எரியும். ரெண்டு பேரு திட்டினாங்க, மூணாவது ஆளு இடிச்சான்."

"ஒரு பெட்டின்னா ஃபிட்டர். பதினொண்ணுலயும் ஒரே மாதிரி மாறியிருந்தா தப்பு ஒயர்ல இல்லை பார்த்திபன். எழுந்ததும் எந்த விளக்கை ஏத்தணும்னு சொல்றது யாரு?"

பார்த்திபன் தாடையைச் சொறிந்தார். "அந்த ரவுண்டு பாக்கற ஆளு."

ஜெயப்பிரியா செல்போனை எடுத்தாள். நாவலூர் அலுவலகத்தின் நிர்வாகம் பார்க்கும் சரோஜா எடுத்து, சங்கரி உட்கார்ந்திருந்த மீட்டிங் ரூமுக்கு லைனைத் தந்தாள்.

"சங்கரி, ஒரே ஒரு கேள்வி. உங்க பெட்டி எப்பவாவது நல்லா இருக்கும்போது சிவப்பு விளக்கு காட்டிச்சா?"

ஜெயப்பிரியா பதிலுக்குக் காத்திருந்தாள். காத்திருப்பது அவளுக்குக் கைவராத கலை. மணலில் வட்டமாக நடந்தாள்.

"சங்கரி, இன்னும் ரெண்டு மணி நேரம்தான் இருக்கு. நீங்க எதை மறைக்கறீங்களோ, அது உங்களைக் காப்பாத்தக்கூடும்."

"முதல் போர்டு மேடம்," என்றது ஒரு சின்னக் குரல். கல்பாக்கம் டவுன்ஷிப்பில் வளர்ந்தவள், சுத்தமாகப் பேசுவாள். இப்போது வார்த்தைகள் தடுக்கின. "ஜனவரியில கையாலயே சோல்டர் பண்ணி ஒரே ஒரு போர்டு செஞ்சோம். நான்தான் பண்ணேன். விளக்கு ரெண்டையும் இடம் மாத்தி வச்சிட்டேன். பச்சை இருக்க வேண்டிய இடத்துல சிவப்பு. கழட்டி மாத்தினா போர்டு பிஞ்சு போயிடும்னு பயம். மறுநாள் சாருக்குக் காட்டணும். அதனால..."

"அதனால?"

"கோடுல ரெண்டையும் மாத்திட்டேன். பச்சையைப் போடுன்னு வர்ற இடத்துல சிவப்பைப் போடுன்னு எழுதினேன். ரெண்டு தப்பும் சேர்ந்து, வெளியில பாக்க சரியா இருந்தது. எல்லாரும் இப்படித்தான் பண்ணுவோம் மேடம். போர்டுல தப்புன்னா கோடுல சமாளிச்சிட்டு, அடுத்த போர்டுல சரி பண்ணிக்கலாம்னு விட்டுடுவோம். ஆனா இது உயிர் காக்கற பெட்டி. சாருக்குத் தெரிஞ்சா என்னை என்ன நினைப்பார்னு யார்கிட்டயும் சொல்லலை."

"அப்புறம் சரி பண்ணீங்களா?"

"ஏப்ரல்ல ஃபேக்டரியிலருந்து ரெண்டாவது போர்டு வந்துச்சு. அதுல விளக்கு சரியான இடத்துல இருந்துச்சு. அன்னிக்கே கோடையும் திருத்திட்டேன். இப்போ சர்வர்ல இருக்கறதெல்லாம் சரியான கோடுதான்."

"ஆக, அந்தத் தப்பான வரி ஜனவரியிலருந்து ஏப்ரல் வரைக்கும்தான் உயிரோட இருந்தது. கோவளத்துப் பெட்டியில விளக்கு சரியான இடத்துல இருக்கு, அதுக்குள்ள தப்பா எரிஞ்சுக்கிட்டிருக்கறது அந்த வரி. அந்த முதல் போர்டு எங்கே போச்சு?"

"ட்ரையலுக்குக் கொடுத்தோம் மேடம். கோவளம் மீனவர் சங்கத்துக்கு."

ஜெயப்பிரியா நடப்பதை நிறுத்தினாள். நாற்பதடி தள்ளி, நீல வர்ணம் அடித்த ஒற்றை அறைக் கட்டடத்தில் மீனவர் சங்கத்தின் பெயர்ப்பலகை தொங்கிக்கொண்டிருந்தது.

சங்கத்தின் செயலாளர் ரெபேக்காள். கணவர் கடலுக்குப் போகிறவர். இவள் ஐஸ், டோக்கன், ஆபீஸர், மனு என்று கரையில் நடக்கும் அத்தனையையும் பார்த்துக்கொள்கிறவள். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக இருவரையும் பார்த்தாள்.

"அந்த நாவலூர் கம்பெனிப் பொட்டியா? ஆமா, வந்துது. நல்ல பொட்டி. ரெண்டு மாசம் வச்சிருந்தோம். அப்பால எடுத்துக்கினு பூட்டாங்க. பதினோரு போட்டுக்குக் குடுங்கன்னு கேட்டா, ஆகஸ்ட் ஆவும்னாரு அந்த சாரு. கடலு ஆகஸ்ட் வரைக்கும் சும்மா இருக்குமா? நீயே சொல்லு."

"அந்தப் பெட்டிக்குள்ள இருந்த கோடை யாரோ திருடியிருக்காங்கம்மா. அது விஷயமா..."

"திருடினாங்களா? யாரு சொன்னது?" ரெபேக்காள் கண்ணாடியைக் கழற்றினாள். "நாந்தான் கேட்டு வாங்கினேன்."

ஜன்னலோரம் சாய்ந்திருந்த பார்த்திபன் நிமிர்ந்து நின்றார்.

ரெபேக்காள் பீரோவைத் திறந்து ஒரு தடித்த ஃபைலை எடுத்தாள். நடுவில் பிரித்து, உள்ளங்கை அகலச் சீட்டு ஒன்றைக் காட்டினாள். பெட்டியோடு கூட வந்தது. 'இப்பெட்டியில் உள்ள பூட்லோடர் இலவச மென்பொருளை அடிப்படையாகக் கொண்டது. நாங்கள் செய்த மாற்றங்களுடன் அதன் கோடு வேண்டுவோர் எழுதிக் கேட்டால் அனுப்பிவைக்கப்படும்.'

"அந்த இன்னொரு கம்பெனிக்காரரு ஒருத்தரு வந்தாரு. இந்தச் சீட்டப் பாத்துட்டு, 'எழுதிக் கேளுங்கம்மா, அவங்க குடுத்தே ஆவணும், ஓசில எடுத்ததுக்கு அதான் கண்டிசன்'னாரு. 'அது கெடச்சா நான் சீக்கிரமே பதினோரு பொட்டி பண்ணித் தரேன்'னாரு. நான் சங்கத்து லெட்டர்பேடுல எழுதிப் போட்டேன். ஒரே வாரத்துல சிடி வந்துடுச்சி. அவருகிட்ட குடுத்தேன். இதுல இன்னா தப்பு?"

"எந்தத் தப்பும் இல்லை," என்றாள் ஜெயப்பிரியா மெதுவாக. "சிடியோட லெட்டர் ஏதாவது வந்ததா?"

"வராம?"

அடுத்த பக்கத்தில் இருந்தது. மார்ச் பதினான்காம் தேதி. நாவலூர் கம்பெனியின் லெட்டர்பேடு. 'தாங்கள் கேட்டிருந்த கோடு அடங்கிய சிடியை இத்துடன் இணைத்துள்ளோம். பெற்றுக்கொண்டு ஒத்துழைக்க வேண்டுகிறோம்.' கீழே நீல மையில், கடைசி எழுத்து வாலை நீட்டிக்கொண்டு போகும் ஒரு கையெழுத்து. ஜெயப்பிரியா அதைக் காலையில்தான் பார்த்திருந்தாள். அவளை வேலைக்கு அமர்த்திய கடிதத்தின் அடியில்.

பார்த்திபன் எட்டிப் பார்த்தார். அப்புறம் ஜெயப்பிரியாவைப் பார்த்தார். "மேடம், நம்மளக் கூப்ட்ட பார்ட்டியே அக்யூஸ்டா?"

"அம்மா, இந்த லெட்டர் எனக்கு வேணும்."

"காப்பி எடுத்துக்கோ."

"ஒரிஜினல் வேணும். அவர் போட்ட மையோடயே அவர் கண்ணு முன்னாடி வைக்கணும். ஒரு பொண்ணோட வாழ்க்கை இது."

"சங்கத்து ஃபைல்லருந்து ஒரு காயிதம் தனியா வெளிய போவாது," என்றாள் ரெபேக்காள். ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். பீரோவைப் பூட்டினாள். செருப்பைப் போட்டாள். "நான் கூட வந்தா போவும். யாரு அந்தப் பொண்ணு?"

மணி மூன்று ஆகியிருந்தது. ரெபேக்காள் முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். ஜெயப்பிரியா பின்னால் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில். கேளம்பாக்கம் வரை பிழைத்தார்கள். அதற்கப்புறம் பழைய மகாபலிபுரம் ரோட்டை ஆறு வழியாக்குகிறோம் என்று தோண்டிப் போட்டிருந்ததில், வேன் ஒரு ஜல்லி லாரியின் பின்னால் மாட்டிக்கொண்டது. மூன்று இருபது. மூன்று முப்பத்தைந்து. லாரி நகரவில்லை.

ஜெயப்பிரியா லக்ஷ்மிநாராயணனுக்குப் போன் செய்தாள். அவர் எடுக்கவில்லை. சரோஜாவுக்குச் செய்தாள். "சார் கிளம்பிட்டு இருக்கார் மேடம். வக்கீல் வந்துட்டார். சங்கரி அழுதுகிட்டு இருக்கா." இன்சூரன்ஸ் நாட்களில் ஒரே ஒரு முறை ஜெயப்பிரியா தவறான ஆளை மாட்டிவிட்டிருக்கிறாள். அந்த மனிதரின் முகம் இன்னும் அவளை உட்கார விடவில்லை.

"பார்த்திபன், ஏதாவது பண்ணுங்க."

"பண்ணிக்கினேகீறேன். அம்மா, ஃபைல கெட்டியாப் புடிச்சிக்கோ," என்ற பார்த்திபன் ஸ்டியரிங்கை ஒடித்தார். வேன் ரோட்டை விட்டு இறங்கி, தோண்டிய பள்ளத்துக்கும் ஒரு இளநீர்க் கடைக்கும் நடுவே, யாரும் வண்டி ஓட்ட நினைக்காத இடத்தில் ஓடியது. இளநீர்க்காரர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

மூன்று ஐம்பத்தாறுக்கு நாவலூர் அலுவலக வாசலில் நின்றார்கள். லக்ஷ்மிநாராயணன் காரில் ஒரு காலை வைத்திருந்தார். ஐம்பத்தைந்து வயது. இன்றுவரை அவர் யார் மீதும் புகார் கொடுத்ததில்லை. அது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"கிடைச்சுதா மேடம்?"

"கிடைச்சுது சார். உள்ளே வாங்க. சங்கரியும் இருக்கட்டும்."

மீட்டிங் ரூமில் சங்கரி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். ஜெயப்பிரியா யாரையும் உட்காரச் சொல்லவில்லை.

"சார், ஒருத்தி உங்க கோடைத் திருடி விக்கணும்னு நினைச்சா எதை எடுப்பா? ஓடறதையா, ஓட்டையையா?"

"இதென்ன கேள்வி? ஓடறதைத்தான்."

"உங்க போட்டிக் கம்பெனிகிட்ட இருக்கறது ஓட்டை. அவங்க பெட்டி நல்லா இருந்தா சிவப்பு எரியுது, கெட்டா பச்சை எரியுது. நான் கையால போட்டுப் பாத்துட்டு வர்றேன். அந்தத் தப்பு உங்க முதல் போர்டுக்காக எழுதின கோடுல மட்டும்தான் இருந்தது. ஏப்ரல்ல சங்கரி திருத்திட்டா. வேலையை விடப்போற சமயத்துல இவ வித்திருந்தா, திருத்தினதைத்தான் வித்திருப்பா. தான் வெக்கப்பட்டு மறைச்ச வரியைத் தேடி எடுத்து யாராவது விப்பாங்களா?"

லக்ஷ்மிநாராயணன் சங்கரியைப் பார்த்தார். "எந்தத் தப்பு? எனக்கு நீ சொல்லவே இல்லையே."

"பயந்துட்டேன் சார்."

"சரி, அந்தப் பழைய கோடு அவங்களுக்கு எப்படிப் போச்சு? யாரோ கொடுத்திருக்கணும் இல்லே? அது யாரு?" அவர் குரல் உயர்ந்தது. "அவனை நான் விடறதா இல்லை."

ரெபேக்காள் ஃபைலைப் பிரித்து மேஜை மேல் வைத்தாள். லக்ஷ்மிநாராயணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். முதலில் தேதியைப் படித்தார். விஷயத்தைப் படித்தார். கீழே வந்ததும் அசையாமல் நின்றார்.

"சரோஜா," என்று கூப்பிட்டார். குரல் வெளியே போகும் அளவுக்கு இல்லை. ஆனால் சரோஜா கதவருகிலேயே இருந்தாள்.

"இது எப்படி..."

"மார்ச்ல வந்த லெட்டர் சார். சங்கரி அப்போ சிப் கம்பெனி ட்ரெய்னிங்குக்கு பெங்களூர் போயிருந்தா. யாராவது அந்தச் சீட்டைக் காட்டிக் கேட்டா, அந்தந்த போர்டோட சிடியைக் கொடுத்துடணும்னு பீரோவுல வச்சிருந்தா. நான் லெட்டர் டைப் பண்ணி உங்க கையெழுத்து ஃபைல்ல வச்சேன். நீங்க போட்டீங்க." சரோஜா புடவைத் தலைப்பைத் திருகினாள். "எல்லாரும் சர்வரைத் தொட்டது யாரு, பாஸ்வேர்டு யாருகிட்ட இருக்குன்னுதான் கேட்டாங்க. லெட்டர் பத்தி யாரும் கேக்கலையே சார்."

"மீன் விக்கிறவங்க கோடு கேப்பாங்கன்னு நானும் நினைச்சுக்கூடப் பாக்கலை," என்றாள் சங்கரி.

"ஏம்மா, நாங்க கேக்கக் கூடாதா?" என்றாள் ரெபேக்காள்.

லக்ஷ்மிநாராயணன் நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். "காலையில பத்தரைக்கு முப்பது காகிதம் வரும். நான் படிக்கறதில்லை," என்றார் பொதுவாக. பிறகு, "அவங்க மேலயாவது கேஸ் போடலாமா?" என்றார் வக்கீலிடம்.

வக்கீல் சீட்டையும் கடிதத்தையும் படித்துவிட்டுப் பையை மூடினார். "கேட்டா தர்றேன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. கேட்டாங்க. கொடுத்திருக்கீங்க. நான் கிளம்பறேன்."

"மேடம், இப்ப நாம யாரு பக்கம்?" என்று காதைக் கடித்தார் பார்த்திபன்.

"பேசாம இருங்க."

லக்ஷ்மிநாராயணன் தன் அறைக்குப் போய் அந்த ரிலீவிங் லெட்டரை எடுத்துவந்தார். சங்கரியின் எதிரே உட்கார்ந்து நான்கு முறை படித்தார். ஒரு காற்புள்ளியைக்கூடத் திருத்தினார். கையெழுத்துப் போட்டு அவளிடம் நீட்டினார். "நாலு நாளா உன்னைத் திருடின்னு இந்த ஆபீஸ் முழுக்கச் சொன்னேன். ஃபோன்ல உன் அப்பாகிட்டயும் சொன்னேன். என்னை மன்னிச்சிடும்மான்னு சொல்றதுக்கே எனக்குக் கூச்சமா இருக்கு. முடிஞ்சா நீ இங்கேயே இரு."

சங்கரி கடிதத்தை வாங்கிக்கொண்டாள். நாலு நாளாக எதற்காக இந்த அறையில் உட்கார்ந்திருந்தாளோ அது கையில் வந்துவிட்டது. ஆனால் அவள் கிளம்பவில்லை.

"ரெபேக்கா அக்கா, அந்த விளக்கு பதினோரு போட்டுக்கும் தெரியுமா?"

"எங்களுக்குத் தெரியும். அடுத்த மாசம் மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், கூனிமேடு பக்கம்லாம் முன்னூறு பொட்டி குடுக்கப்போறாங்களாம். அவங்களுக்கு யாரு சொல்றது? பச்ச எரியுதுன்னு நம்பிக் கெளம்புவான்."

சங்கரி சரோஜாவின் மேஜைக்குப் போய்க் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். நாலு நாளில் அவள் விரல்கள் கீபோர்டைத் தொட்டது அப்போதுதான். போட்டிக் கம்பெனியின் பெயருக்கு ஒரு கடிதம். எந்த ஃபைல், எத்தனையாவது வரி, என்ன தப்பு, எப்படித் திருத்துவது என்று எழுதினாள். அதோடு திருத்திய கோடையும் சிடியில் போட்டாள்.

லக்ஷ்மிநாராயணன் பின்னால் வந்து நின்று படித்தார். முதலில் பல்லைக் கடித்தார். பிறகு, "சரி, போகட்டும். உயிர் விஷயம்," என்றார். கடைசிப் பத்தியில் அவர் கண் நின்றது. 'இந்தத் தவறைச் செய்தவர்: சங்கரி.'

"இது வேணாம். கம்பெனி பேர் போதும். இந்தத் துறை சின்னது, இது பெங்களூர் வரைக்கும் போகும். இன்னிக்குத்தான் உன் பேர் சுத்தமாயிருக்கு. நீயே ஏன் அழுக்காக்கிக்கறே?"

"நான் செய்யாததுக்கு என் பேரைப் போட்டீங்க சார். இது நான் செஞ்சது."

பிரிண்டர் ஓடியது. ஜெயப்பிரியா காலையிலிருந்து முதல் முறையாக ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

லக்ஷ்மிநாராயணன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றி, காகிதத்தை மேஜையில் நேராக வைத்து, குனிந்தார். சங்கரி அந்தப் பேனாவை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"இதுல நான்தான் சார் கையெழுத்து போடணும்."